விதை போகலாம், மண் போகக் கூடாது: நெல்லைச் சீமையிலிருந்து தபாலில் விதை அனுப்ப ஒரு முழு வழிகாட்டி

மெல்பர்னில் இருக்கும் என் தம்பி மகள் ஒரு வருசம் போனில் கேட்டாள்: "பெரியப்பா, இங்க எந்தக் கடையில வாங்கினாலும் நம்ம வீட்டுத் துவரை ருசி வரல. ஆச்சி போட்ட விதை மிச்சம் இருந்தா கொஞ்சம் அனுப்புங்களேன்." அம்மா இறந்து அப்போது எட்டு மாதம். குலுக்கையில் அவள் கையால் செம்மண் கட்டிவைத்த துவரை இரண்டு படி இருந்தது. அதில் நல்ல மணியாகப் பொறுக்கி, கூடவே கொத்தமல்லியும் வற்றல் மிளகாயும் வைத்து, பார்சல் கட்டி அனுப்பினேன். படிவத்தில் 'அன்பளிப்பு' என்று மட்டும் எழுதினேன்.

ஆறு வாரம் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பார்சல் அழிக்கப்பட்டுவிட்டது, இனி இப்படி வரக் கூடாது என்று. அவள் அழுதாள், எனக்கும் மனசு ஆறவில்லை. ஆனால் அந்த ஊர்ச் சட்டத்தை எடுத்துப் படித்த பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது. நான் அனுப்பியது துவரை மட்டும் இல்லை. துவரையோடு நம் ஊர் மண்ணையும், அந்த மண்ணில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு படித்ததையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும், செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எதற்காக இந்தக் கெடுபிடி

வாழையில் முடிக்கொத்து நோய் தெரியாத விவசாயி களக்காட்டிலும் சேரன்மகாதேவியிலும் இருக்க மாட்டார். இலைகள் விரியாமல் உச்சியில் குத்துக்குத்தாக நின்று, தார் போடாமலே போய்விடும். அந்த வைரஸ் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கோட்டயம் பக்கம் வந்து இறங்கியது என்பது பதிவான செய்தி. யாரோ ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த கன்றில் வந்திருக்கும். பார்வைக்குக் கன்று ஆரோக்கியமாகவே இருந்திருக்கும். பிறகு வாழை அசுவினி அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனது. பழனி மலைச் சரிவின் விருப்பாட்சி வாழை அழிந்ததில் பெரும்பங்கு இந்த நோய்க்குத்தான்.

கன்றில் வந்தது அது. குச்சியில் பயணம் போவது இன்னொன்று: மரவள்ளி மாவுப்பூச்சி. 2020இல் திருச்சூரில் முதலில் கண்டார்கள், கொஞ்ச நாளிலேயே தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களுக்குள் வந்துவிட்டது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால், 2008இல் கோயம்புத்தூரில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இதே கதைதான். ஒரு பூச்சி நுழைய ஒரு குச்சி போதும். அதைச் சமாளிக்க ஒரு தேசமே கடல் கடந்து குளவி தேட வேண்டும்.

நம் நாட்டில் இந்தத் தடுப்பு 1906இலேயே தொடங்கிவிட்டது. மெக்சிகோவின் பருத்திக் காய்க்கூன்வண்டு வந்துவிடக் கூடாதென்று, இறக்குமதியாகும் பருத்திப் பொதிகளுக்குத் துறைமுகத்திலேயே புகைமூட்டம் போடச் சொன்னார்கள். 1914இல் அழிவுசெய் பூச்சிகள், நோய்கள் சட்டம் வந்தது. அந்த வண்டு இன்றுவரை இந்தியாவுக்குள் காலூன்றவில்லை. கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி போட்ட ஒவ்வொரு குடும்பமும் அந்தப் புகைமூட்டத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

காய்ந்த விதை, கிழங்கு, குச்சி, கன்று, மண்ணோடு இருக்கும் நாற்று. இந்த வரிசையில் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். காய்ந்த விதையில் பெரும்பாலான பூச்சிகளும் பல வைரஸ்களும் தங்க முடியாது. உயிருள்ள குச்சியிலும் கன்றிலும் எல்லாமே தங்கும். மண்ணில் நூற்புழு (வேரைத் தாக்கும் மிக நுண்ணிய புழு), பூஞ்சை, களைவிதை, பூச்சி முட்டை என்று ஒரு ஊரே குடியிருக்கும்.

என் விதி எளிது. தபாலில் விதை மட்டும். வாழைக்கன்று, மரவள்ளிக் குச்சி, தென்னம்பிள்ளை எதையும் யார் கேட்டாலும் அனுப்புவதில்லை, வாங்கிக்கொள்வதும் இல்லை.

சிறுகிழங்கு ஒன்றுதான் மனசைப் பிசையும். பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாத வீடு தென்காசி, நெல்லைப் பக்கம் உண்டா? வெளியூரில் வாழப் போன நம் பிள்ளைகள் மாடித் தொட்டியில் நாலு கொடி போட ஆசைப்படுவார்கள். ஆனால் அதற்கு விதை இல்லை, கிழங்கைப் பதியம் போட்டு, கொடியைக் கிள்ளித்தான் நட வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுவுக்கு மிகப் பிடித்த பயிர் அது. தோலில் முண்டும் முடிச்சுமாக இருக்கும் கிழங்கை நடுவதற்கு என்று யாருக்கும் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வழவழப்பான கிழங்காகத் தேர்ந்து, மண் துளியும் இல்லாமல் கழுவி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். வாங்குகிறவர் தரையில் நடாமல் தொட்டியில் நடட்டும். நாட்டுக்கு வெளியே என்றால் அந்தப் பேச்சே வேண்டாம், பொங்கலுக்கு ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

விதையைத் தயார் செய்வது

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். மற்ற எல்லாம் காகித வேலை. இதுதான் கை வேலை.

நம் வீடுகளில் துவரைக்கும் மொச்சைக்கும் செம்மண் கட்டுவதும், கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டுவதும் பழைய பழக்கம். வண்டு விழாமல் காக்க அருமையான வழி, வீட்டில் வைத்துக்கொள்ளும் விதைக்கு இன்றும் அப்படியே செய்கிறேன். ஆனால் ஊர் தாண்டப் போகும் விதைக்கு இது கூடாது. எந்த நாட்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையமும் மண் ஒட்டிய விதையை ஏற்காது. ஆகவே அறுப்பன்றே இரண்டு பங்காகப் பிரியுங்கள்: வீட்டுப் பங்குக்கு மண், அனுப்பும் பங்குக்கு வெறும் உலர்த்தல். ஏற்கெனவே மண் கட்டிய விதையைக் கழுவி அனுப்பலாமே என்று நானும் முயன்றேன். கழுவும்போது ஈரம் உள்ளே இழுத்து, முளைப்பு பாழாகிவிட்டது.

செடி நிற்கும்போதே வேலை தொடங்குகிறது. தேமல் விழுந்த செடி, இலை சுருண்ட செடி, தண்டு கருகிய செடி இவற்றிலிருந்து விதை எடுக்காதீர்கள், காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. தட்டாம்பயறிலும் உளுந்திலும் விதைக்குள்ளேயே தங்கிப் போகும் வைரஸ்கள் உண்டு. உலகம் முழுக்கத் தக்காளி விவசாயிகளைக் கதிகலங்க வைத்த பழுப்புச் சுருக்க வைரஸும் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனதுதான்.

தக்காளி விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க விட்டு, கோழையெல்லாம் கழன்றதும் அலசுங்கள். தக்காளி, கத்தரி இரண்டையும் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து எடுத்தால் விதை வழியே போகும் பாக்டீரியா நோய்கள் பெரும்பாலும் கட்டுப்படும். தெர்மாமீட்டர் இல்லாமல் கைக்கணக்கில் இதைச் செய்ய வேண்டாம். நாலைந்து டிகிரி கூடினாலும் கரு வெந்துவிடும். வெந்நீரிலிருந்து எடுத்ததும் குளிர்ந்த நீரில் அலசி, உடனே உலர்த்த வேண்டும்.

உலர்த்துவதற்கு நல்ல காலம் பங்குனி, சித்திரை. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் காற்றிலேயே ஈரம் இருக்கும், காய்ந்த விதையும் அதை உறிஞ்சிக்கொள்ளும். நேர் வெயிலில் சிமெண்டுத் தளத்தில் பரப்பாதீர்கள். தார்சாவில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) பருத்தித் துணி விரித்து, காலை வெயிலும் பிறகு நிழலுமாக நாலைந்து நாள் போதும். சுரை விதையை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். அவரையைப் பல்லில் வைத்தால் பல்தடம் பதியக் கூடாது.

பிறகு சொளவில் புடைத்துச் சருகு, தொலி, பிற செடி விதை எல்லாவற்றையும் பிரியுங்கள். களைவிதை ஒன்று கலந்திருந்தாலும் தடுப்பு நிலையத்தில் முழுப் பொட்டலமும் நின்றுபோகும். கடைசியாகப் பயறு வண்டு. முட்டை விதையின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும், புழு உள்ளே குடைந்துகொண்டிருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல், டப்பா வெளிச்சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள். ஈர விதையை ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும்.

அனுப்பும் முன் ஈரத்துணியில் நூறு விதை சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முளைக்காத விதையை ஒருவருக்கு அனுப்புவது அவருடைய ஒரு பட்டத்தையே வீணாக்குவது.

பொட்டலமும் சீட்டும்

காகித உறையில் விதை, அதன் மேல் ஜிப் பை, அதன் மேல் குமிழ் உறை. வெறும் தபால் உறையில் போட்டால் முத்திரை குத்தும் இடத்தில் அவரை விதை நொறுங்கிவிடும். பழைய செய்தித்தாள், வைக்கோல், காய்ந்த வாழைச்சருகு வைத்து அடைக்காதீர்கள், சருகும் வைக்கோலும் தாவரப் பொருள்தான்.

ஒவ்வொரு உறையிலும் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், விளைந்த ஊர், அறுத்த மாதம், வருசம், எண்ணிக்கை. தாவரவியல் பெயரை விட்டுவிடாதீர்கள். நாம் சீனியவரை என்பதை மற்ற ஊரில் கொத்தவரை என்பார்கள். அதிகாரிக்கு இரண்டும் தெரியாது. துவரை என்றால் கஜானஸ் கஜான், அவரை என்றால் லாப்லாப் பர்பூரியஸ், கத்தரி என்றால் சொலானம் மெலாஞ்சினா. அனுமதி இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் தேடுவது இந்தப் பெயரை வைத்துத்தான். வெளிநாட்டுப் பார்சலில் இதை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்.

நாட்டுக்குள் அனுப்பும்போது

இங்கே பெரிய சிக்கல் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேரளத்துக்கோ ஒடிசாவுக்கோ ஐம்பது கத்தரி விதை அனுப்ப எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் போதும், பழைய ரிஜிஸ்டர் தபாலும் 2025இல் அதோடு சேர்ந்துவிட்டது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பெயர் போட்டு விற்பதுதான் கூடாது.

தடை இருப்பது உள்நாட்டுத் தொற்றுத்தடுப்பில் அறிவிக்கப்பட்ட சிலவற்றுக்கு. நமக்கு நேராகப் படுவது வாழை. முடிக்கொத்து நோய் உள்ள மாநிலங்கள் என்று தமிழ்நாடு, கேரளம், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் இவற்றை அறிவித்திருக்கிறார்கள். இங்கிருந்து நோயில்லாத மாநிலத்துக்குக் கன்று போகக் கூடாது. வேறு மாநிலத்து நண்பர் செவ்வாழையோ மட்டியோ கேட்டால், வைரஸ் சோதனை முடித்துச் சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்தது உருளைக்கிழங்கு. 1961இல் நீலகிரியில் கண்ட தங்க நூற்புழு காரணமாக மலைப்பகுதி விதைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு உண்டு. ஊட்டி போய்வரும்போது விதைக்கு என்று ஒரு பை கிழங்கு தூக்கிவர வேண்டாம்.

சட்டம் வாய் திறக்காத இடத்திலும் நாம் கவனமாக இருக்க வேண்டியது தென்னை. கேரளத்தின் வேர்வாடல் 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் தெரிய வந்த நோய். இன்றுவரை மருந்து கிடையாது. மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டை வட்டாரத்திலும் அது தலைகாட்டியிருக்கிறது. புளியரை வழியாக அடுத்த தடவை வரும்போது ஆரியங்காவு தாண்டி ஒரு நர்சரியில் பிள்ளை மலிவு என்று வண்டியில் ஏற்றாதீர்கள்.

கடல் கடந்து அனுப்பும்போது

நான் தவறியது இங்கேதான், வரிசையைத் தலைகீழாகச் செய்ததால். முதலில் பார்சல் கட்டினேன், பிறகுதான் கேட்டேன். சரியான வரிசை இது: முதலில் அங்கே அனுமதி, பிறகு இங்கே சான்று, கடைசியாகத் தபால்.

அனுமதியை வாங்க வேண்டியவர் விதையைப் பெறுகிறவர். அவர் தன் நாட்டு வேளாண்மைத் துறையில் இந்தப் பெயருள்ள விதை இந்தியாவிலிருந்து வரலாமா, என்ன நிபந்தனை என்று கேட்டு, இறக்குமதி பெர்மிட் வாங்கி, அதன் நகலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அது கைக்கு வராமல் ஒரு விதையையும் உறையில் போடாதீர்கள்.

பெர்மிட்டில் பெரும்பாலும் பைட்டோசானிட்டரி சான்றிதழ் கேட்பார்கள். விதையைப் பரிசோதித்து, பூச்சியும் நோயும் இல்லை என்று அரசு தரும் சான்று அது, ஏற்றுமதிக்காரர்கள் சுருக்கமாக 'பைட்டோ' என்பார்கள். நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடியில் மத்திய அரசின் பிளான்ட் குவாரன்டைன் நிலையம் இருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்து, பெர்மிட் நகலை ஏற்றி, கட்டணம் கட்டி, விதையைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். பெர்மிட்டில் 'கூடுதல் உறுதிமொழி' என்று ஏதாவது கேட்டிருந்தால், அதே வாசகம் சான்றிதழிலும் வர வேண்டும். ஒரு சொல் விடுபட்டாலும் அந்தப் பக்கம் நிறுத்திவிடுவார்கள். சான்று கிடைத்ததும் நாள் கடத்தாமல் அனுப்புங்கள், மூலச் சான்றிதழ் பார்சலோடு போக வேண்டும். சுங்கப் படிவத்தில் 'நடவுக்கான விதை' என்று உள்ளபடி எழுதுங்கள். 'அன்பளிப்பு', 'பாசி மணி' என்று எழுதி அனுப்பச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு, அங்கே பிழைக்கப் போன பிள்ளை தலையில் அபராதத்தைக் கட்டாதீர்கள்.

நாட்டுக்கு நாடு விவரம் மாறும். அமெரிக்காவில் சிறு அளவு விதைக்கென்று ஒரு பெர்மிட் இருக்கிறது, நம் போன்றவர்களுக்கு மிகவும் தோதானது. அதை வாங்கிவிட்டால் பைட்டோ தேவையில்லை. ஒரு பொட்டலத்தில் ஒரே இனம், அதிகபட்சம் 50 விதை அல்லது 10 கிராம், ஒரு பார்சலில் 50 பொட்டலம் வரை. பெர்மிட்டோடு வரும் முகவரிச் சீட்டை ஒட்டினால் பார்சல் முதலில் அவர்களுடைய பரிசோதனை நிலையத்துக்குப் போய், பிறகு வீட்டுக்குப் போகும். இந்த வழியில் போக முடியாத இனங்களும் உண்டு, பெர்மிட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல் வெளியிலிருந்து வரும் நடவு விதைக்குப் பைட்டோ கட்டாயம், பத்து விதையானாலும். இலங்கைக்கு அனுப்ப கட்டுநாயக்காவில் உள்ள அவர்களுடைய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாண முருங்கை இங்கே வந்த காலத்தில் இந்தக் காகிதம் எதுவும் இருந்திருக்காது, திசையன்விளை முருங்கைக்காரர்கள் அதை இன்றும் அந்தப் பெயரிலேயே சொல்கிறார்கள். அது நல்லபடியாக வந்தது. வாழையில் அப்படி நடக்கவில்லை.

ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் கடுமை. அவர்கள் அஞ்சுவது கப்ரா வண்டுக்கு, அது நம் நாட்டுப் பூச்சி. சாக்குத் தையலில் ஒளிந்துகொண்டு, தீனி இல்லாமல் வருசக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடிய புழு. அதனால் 2020 முதல் அரிசி, துவரை, பாசிப்பயறு, தட்டாம்பயறு, கொண்டைக்கடலை, கொத்தமல்லி, சீரகம், வற்றல் மிளகாய் எல்லாம் தபாலிலும் பயணிப் பெட்டியிலும் வரக் கூடாது என்று நிறுத்தியிருக்கிறார்கள். சமையலுக்கானாலும் அதே தடைதான். என் பார்சலில் இருந்த மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. மற்ற விதைகளுக்கு அவர்களுடைய பைகான் என்ற இணையத்தளத்தில் தாவரவியல் பெயரைப் போட்டால் நிபந்தனை வந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். கேட்கிறவர் உறவுக்காரராக இல்லாமல், ஆராய்ச்சிக்கோ வியாபாரத்துக்கோ நம் நாட்டு ரகத்தைக் கேட்கும் வெளிநாட்டவரோ வெளிநாடுவாழ் இந்தியரோ ஆனால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இனிக்கப் பேசிப் பத்து ரகம் கேட்பார்கள். ஆணையத்தின் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள், பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

நம் வீட்டுக்கு வரும் விதை

வெளிநாட்டு இணையக் கடையில் கலர் கலராகப் பூ விதை பார்த்து வாங்கினாலும் சட்டம் ஒன்றுதான். 2003ஆம் ஆண்டின் இறக்குமதித் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி நடவு விதைக்கு நாம் பெர்மிட் எடுத்திருக்க வேண்டும், அங்கிருந்து பைட்டோவும் வர வேண்டும். 2020இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் பலருக்கும் கேட்காமலே மர்ம விதைப் பொட்டலங்கள் வந்தன, ஆகஸ்டில் நம் வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விட்டது. அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் நடாதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள், குப்பைமேட்டில் முளைத்துவிடும். உறையோடு ஒரு பையில் கட்டி வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கொடுங்கள்.

நாட்டுக்குள்ளிருந்து முறையாக வந்த விதையையும் நான் நேராகத் தோட்டத்தில் போடுவதில்லை. மொட்டைமாடியில் பழைய வாளிகளில் தனியாகப் போட்டு, முதல் காய்ப்புவரை பார்ப்பேன். போன ஆடிப் பட்டத்தில் பாலக்காட்டு நண்பர் அனுப்பிய தட்டாம்பயறு பன்னிரண்டு செடி வந்தது. மூன்றாவது இலையிலேயே இரண்டில் தேமல் தெரிந்தது. அன்று சாயங்காலமே வேரோடு பிடுங்கி எரித்தேன், பக்கத்து வாளியையும் காலி செய்தேன். மீதிச் செடிகளில் அசுவினி ஏறாமல் தினம் இலையைத் திருப்பிப் பார்த்து, ஒன்பதிலிருந்தும் விதை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் பாதியை இந்த வருசமும் மாடியிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தரையில் இறக்குவேன்.